கதைசொல்லி நீ இல்லை, மகனே

மகனே,

உன் பாடக்குறிப்பு வந்து சேர்ந்தது. தரம் பத்துக்குக் கதைக்கூறுகள் படிப்பிக்கப் போவதாகவும், ஒருமுறை பார்த்துத் திருத்தித் தரும்படியும் கேட்டிருந்தாய். ஆயுள் முழுக்கத் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்ப மாட்டாள் என்று தெரிந்துதானே கேட்டாய்? சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்துக்கு மூன்று புள்ளி தருகிறேன். அந்த மூன்றும் கையெழுத்துக்கு.

கோபப்படாதே. வரைவிலக்கணங்களில் பிழை இல்லை. கதைக்களம், பாத்திரம், கதைசொல்லி, கதைப்பின்னல், மோதல், உச்சக்கட்டம், குறியீடு, கருப்பொருள் எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் எழுதியிருக்கிறாய். வழிகாட்டி நூலைப் பார்த்து அதை எழுத யாராலும் முடியும். பிழை நீ எடுத்த உதாரணத்தில் இருக்கிறது. அப்பாவின் கல்வெட்டில் இருந்து ‘மகன் புலம்பல்’ பாட்டை எடுத்து அதைப் பகுத்துக் காட்டப் போகிறாய். கல்வெட்டு என்றதும் உன் வகுப்பில் யாராவது பாறையில் செதுக்கிய எழுத்தை நினைப்பார்கள். நம் ஆக்கள் மத்தியில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கும் அதுதான் பெயர் என்று முதலில் சொல்லிவிடு. முன்பக்கத்தில் படம், பிறகு வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டுகள். அழுகிறவர்கள் யாரும் அந்தப் பாட்டை எழுதுவதில்லை. ஊரில் பாட்டுக் கட்டத் தெரிந்த ஒருவர் எழுதிக்கொடுப்பார். எங்கள் பக்கத்தில் அந்த ஒருவர் நான்தான். பாடசாலை விட்டு வந்து, சோறு வடித்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து எத்தனை பேரின் கண்ணீரை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. விதவை சார்பில் அழுதேன், பேரப்பிள்ளை சார்பில் அழுதேன். ஒருமுறை மாமியாரோடு ஆயுள் முழுக்கச் சண்டை பிடித்த மருமகள் சார்பில் அழுதேன். அவளே அதை வாசித்துவிட்டு, “டீச்சர், இவ்வளவு நல்லவவா அவ?” என்று கேட்டாள்.

இனி உன் குறிப்புக்கு வருகிறேன். ‘கதைசொல்லி: தந்தையை இழந்த ஐந்து வயதுச் சிறுவன் (நான்)’ என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, ‘மோதல்: தன்னால்தான் தந்தை இறந்தார் என்ற சிறுவனின் குற்றவுணர்வு.’ அந்த வரியில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன், மகனே. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தபோதும் அந்த வரி அங்கேயேதான் இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நீ ஒருநாளும் என்னிடம் வாய் திறந்து சொல்லாததை, ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடப் பாடமாக எழுதி வைத்திருக்கிறாய்.

கதைசொல்லி நீ இல்லை. அந்தப் பாட்டை எழுதியவள் நான். அதில் உள்ளது பொய். உன் அப்பா உன்னைத் தேடித் திரும்பிப் போகவில்லை. நீ எங்கும் ஓடவில்லை, எங்கும் ஒளியவில்லை. இதை உன் காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யை அச்சடித்து, அட்டை போட்டு, வீடு வீடாகக் கொடுத்தவள் நான். உண்மையை மட்டும் போனில் குசுகுசுத்துச் சொன்னால் அது நியாயமில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கிற மாதிரி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். வாசிக்கட்டும்.

உன் மாமிக்கு, அப்பாவின் அக்காவுக்கு, இது பிடிக்கவில்லை. முந்தநாள் போன் எடுத்துச் சொன்னேன். “இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏன் மச்சாள் இதக் கிளறுறீங்க? நல்ல கதையாத்தானே இரிக்கு” என்றா. நல்ல கதைதான். எனக்கு அதுதான் கோபம். நல்ல கதையாக இருந்ததால்தான் ஒருவரும் அதைத் தட்டிக் கேட்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் அதை ஏற்றி வைத்துவிட்டு எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனோம்.

கதைக்களம் என்ற இடத்தில் ‘மட்டக்களப்புக் கடற்கரை’ என்று இரண்டு சொல்லோடு முடித்துவிட்டாய். போதாது. களம் என்பது மேடைக்குப் பின்னால் தொங்கவிடும் சீலை இல்லை. ஓடுகிறவனுக்கு எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது களம். எங்கள் வீடு, என் சீதன வீடு, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்தது. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் ஒரு ரோட்டும் இரண்டு வரிசை வீடுகளும். கடல் வந்தால் வாவிக்குள்தான் ஓட வேண்டும். மேலே ஏறலாம் என்றால் அந்த ஒழுங்கையில் மாடி வைத்த வீடு ஒன்றே ஒன்று. இதைச் சொல்லாமல் அந்தச் சுனாமிக் காலையைச் சொல்ல முடியாது.

அன்று பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை விடுமுறை. அப்பாவுக்கும் பஸ்ஸில் வேலை இல்லை. நான் மேசையில் ஒரு கல்வெட்டு எழுதிக்கொண்டிருந்தேன். காய்ச்சலில் இறந்துபோன ஒரு பெண்ணுக்கு. அவளுடைய கணவன் முதல்நாள் வந்து படம் தந்துவிட்டுப் போயிருந்தார். “இது மட்டும்தான் டீச்சர் இரிக்கு. வேற படம் ஒண்டும் எடுக்கல்ல. கவனம்” என்று இரண்டு தரம் சொல்லித்தான் தந்தார். நீ அப்பாவின் மடியில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தாய். வெளியே சத்தம் கேட்டது. ஆக்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். என்ன ஏது என்று கேட்க முதல் முற்றத்தில் தண்ணீர். அப்பா உன்னைத் தூக்கித் தோளில் போட்டார், மற்றக் கையால் என் கையைப் பிடித்தார். மாடி வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்துவிட்டது. மேலே ஏறிவிட்டோம். மூன்று பேரும் ஏறிவிட்டோம். இதை உன் வெண்பலகையில் பெரிதாக எழுது: மூன்று பேரும் ஏறிவிட்டோம்.

குறியீடு என்ற இடத்தில் ‘கடல் = மரணம்’ என்று போட்டிருக்கிறாய். அதை வெட்டிவிட்டேன். கடல் அன்றைக்கு எதற்கும் குறியீடாக வரவில்லை. அது தண்ணீர். கறுப்பாக இருந்தது, சேறு மணத்தது, வேலிக் கம்பியும் கோழிக்கூடும் அதற்குள் வந்தன. உயிரோடு நின்று பார்த்தவளுக்கு அது தண்ணீர்தான். நீ கடற்கரைப் பாடசாலை ஒன்றில் வேலை கிடைத்தும், மாங்கேணியில் இருந்துகொண்டு, இன்னும் கடலில் கால் நனைக்கவில்லை என்று உன்னோடு படிப்பிக்கிற பெடியன் சொன்னான். கடல் உனக்கு என்னவாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை உனக்கு அப்படி ஆக்கியது நான்தான்.

தண்ணீர் வற்றியது. வந்த வேகத்தில் பின்வாங்கிப் போனது. முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். சிலர் கீழே இறங்கி வீட்டைப் பார்க்கப் போனார்கள். அப்போது நான்தான் சொன்னேன், “ஐயோ, அந்த மனுசிர படம் மேசையில கிடக்கு” என்று. அப்பா, “எந்தப் படம்?” என்று கேட்டார். “கல்வெட்டுக்குத் தந்த படம். வேற படம் இல்ல எண்டு அந்த மனுசன் ரெண்டு தரம் சொன்னவர்” என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. போய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. வேண்டாம், நில்லுங்கள் என்றும் சொல்லவில்லை. சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுத மாட்டேன். நீ அவர் கழுத்தை விடவே இல்லை. உன் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உன்னை என் இடுப்பில் தந்துவிட்டு, “இவனப் புடி புள்ள. இந்தா வாறன்” என்று இறங்கினார். ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீரில் நடந்து, நம் வீட்டு வாசல் கடப்படிக்குள் திரும்புவதைப் பார்த்தேன். இரண்டாவது தண்ணீர் முதலாவதைவிடப் பெரிதாக வந்தது.

இரண்டு நாள் கழித்து வாவிப் பக்கம் கண்டெடுத்தார்கள். கையில் படம் இருந்ததா என்று கேட்பாய். இல்லை. இருந்திருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். ஒன்றும் இருக்கவில்லை. படம் தந்த மனிதர் பிறகு ஒருமுறைகூட அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

பாத்திரம் என்ற இடத்தில் நீ எழுதியது, ‘அன்பும் தியாக உணர்வும் மிக்க தந்தை’. இது பாத்திரம் இல்லை, இறப்பர் முத்திரை. எவருடைய கல்வெட்டிலும் குத்தலாம். நானே குத்தியிருக்கிறேன். ஒருவனைப் பாத்திரம் என்று சொல்ல வேண்டுமானால், வேறு யாரும் செய்யாத ஒன்றை அவன் செய்வதைக் காட்ட வேண்டும். உன் அப்பா பஸ் கொண்டக்டர். மண்டூர்க் கோயில் திருவிழாக் காலத்தில் ஒரு வயதான மனுசி சீட்டுக்குக் கீழே பன்புல்லில் இழைத்த ஒரு பன்பெட்டியை விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டா. பின்னேரம் வேலை முடிந்து, களைத்து விழுந்து வந்த மனிதன், அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் போய், துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, மண்டூரில் வீடு வீடாகக் கேட்டு அந்த மனுசியைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு அடுத்தநாள் காலையில் வந்தார். “உள்ளுக்க என்ன இருந்த?” என்று கேட்டேன். “பாதித் தேங்காயும் கொஞ்சம் திருநீறும்” என்றார். எனக்கு வந்த கோபத்துக்குப் பாதித் தேங்காய் நம் வீட்டில் இருந்திருந்தால் அவர் தலையில் உடைத்திருப்பேன். “அதுக்காகவா மனுசன் ராத்திரி முழுக்க அலைவான்?” என்று கத்தினேன். “அது அவடது” என்றார். அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. பஸ்ஸில் எதை யார் விட்டுவிட்டுப் போனாலும் அவருக்குச் சோறு இறங்காது. குடை, செருப்பு, ஒருமுறை ஒற்றைக் காதுப்பூ. அடுத்தவருடைய பொருள் தன் கையில் தொலையக் கூடாது என்பது அவருக்குப் பிடித்த பைத்தியம்.

இந்த மனிதனிடம்தான் நான், ‘வேறு படம் இல்லையாம்’ என்று சொன்னேன். இப்போது விளங்குகிறதா? அவர் ஏன் போனார் என்று யாரும் கண்டுபிடிக்கத் தேவையில்லை, அவர் யார் என்று தெரிந்தால் போதும். அந்தப் பொய்யால் நான் செய்த இரண்டாவது அநியாயம் அதுதான். பன்பெட்டியோடு வாவியைக் கடந்த மனிதனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் யாரோ ஒரு தியாகத் தந்தையை உட்கார வைத்தேன். உனக்கு உன் அப்பாவையே தெரியாமல் போய்விட்டது.

எப்படிச் செய்தேன் என்று கேள். நாங்கள் பாடசாலை முகாமில் இருந்தோம். மாமி வந்தா. என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, “தம்பி மேல ஏறினவன் எண்டு சொல்றாங்களே, மறுகா ஏன் இறங்கினவன்?” என்று கேட்டா. மாடியில் எங்களோடு நின்றவர்கள் யாரும் அந்த முகாமில் இல்லை. சுற்றி இருந்த அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எவளோ ஒருத்தியின் படத்துக்காக என்று எப்படிச் சொல்வேன்? நான் சொன்னேன், அதனால் போனார் என்று எப்படிச் சொல்வேன்? என் மௌனத்தைப் பார்த்துவிட்டு மாமியே சொன்னா, “பிள்ளையத் தேடித்தான் போயிருப்பான். வேற என்னத்துக்குப் போவான் என்ட தம்பி?” எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நீ என் பக்கத்தில் வாங்குப் பலகையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் இல்லை என்று சொல்லவில்லை. மாமியின் பேரில் பழி போடாதே. அவ அங்கே இருக்கவில்லை, தெரியாததை ஊகித்தா. நான் இருந்தேன், தெரிந்ததை மறைத்தேன்.

கதைப்பின்னல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ‘தண்ணீர் வற்றியது, பிறகு அப்பா இறங்கினார், பிறகு தண்ணீர் வந்தது.’ இது நடந்தது. இதில் ‘பிறகு’தான் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு அது போதாது. அவர்களுக்கு ‘அதனால்’ வேண்டும். ‘மகன் ஒளிந்திருந்தான், அதனால் அப்பா போனார்’ என்று பின்னிவிட்டால் எல்லோருக்கும் மனம் ஆறும். ‘அதனால்’ என்ற சொல்லைப் போடும்போது அது யாருடைய கழுத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். என் கழுத்தில் விழ இருந்ததை உன் கழுத்துக்கு மாற்றினேன்.

முப்பத்தோராம் நாள் நெருங்கியது. என் புருசனுக்கு நானே கல்வெட்டு எழுதினேன். மனைவி புலம்பலில் ஊருக்கெல்லாம் எழுதிய பொட்டு, பூ, தாலியையே எழுதினேன். அதில் எதையும் சொல்லவில்லை. பிறகு மகன் புலம்பல். உனக்கு எழுதத் தெரியாது, உன் சார்பில் யார் வேண்டுமானாலும் அழலாம். நீ பாடக்குறிப்பில் ஒட்டியிருக்கும் அந்த நாலு வரி:

ஓடி விளையாடி ஒளிந்திருந்த என்னைத்
தேடி அலைக்குள்ளே திரும்பினீர் அப்பா
பாடி அழைத்தாலும் பதில்வரவும் காணேன்
வாடி நிற்கின்றேன் வாருமையா அப்பா

எதுகையைக் கோடிட்டுக் காட்டி, ‘சிறப்பான எதுகை’ என்று பாராட்டியும் இருக்கிறாய். நன்றி. ‘தேடி’ வேண்டும் என்பதற்காக ‘ஓடி’ வந்தது. ‘ஓடி’ வந்தபடியால் நீ ஓட வேண்டியதாயிற்று, ஓடினவன் ஒளிய வேண்டியதாயிற்று. ஆனால் எதுகையின் தலையில் போட்டுவிட்டு நான் தப்ப மாட்டேன். பாட்டுக் கட்டத் தெரிந்தவளுக்கு வேறு எதுகையா கிடைக்காது? எனக்கு அந்த வரிதான் வேண்டியிருந்தது. உச்சக்கட்டம் என்ற இடத்தில் ‘அலை வந்தது’ என்று எழுதியிருக்கிறாய். அதையும் வெட்டியிருக்கிறேன். இந்தக் கதையின் உச்சம் கடற்கரையில் நடக்கவில்லை. முகாமில், ஒரு வாங்கில், கடதாசியும் பேனாவும் வைத்துக்கொண்டு நான் இருந்த இடத்தில் நடந்தது. இரண்டு வழி இருந்தது, நான் ஒன்றை எடுத்தேன். அதற்குப் பெயர்தான் உச்சம்.

அன்று பாட்டை ராகம் போட்டு வாசித்தார்கள். உன்னை நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பெண்கள் உன்னைத் தூக்கி மடியில் வைத்து, “உனக்காகத்தான் மனே அப்பா போனவர், நீ நல்லாப் படிக்கோணும்” என்று முத்தம் கொடுத்தார்கள். ஒவ்வொருத்தியாக. நீ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய். பிறகு முகாமைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்தப் புத்தகத்தைக் கையில் தந்து உன்னைப் படம் பிடித்தார்கள். நீ கெட்டிக்காரப் பிள்ளை, பாட்டைப் பாடமாக்கிவிட்டாய்.

பதினாலு வயதில் ஒருநாள், நான் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது வந்து சொன்னாய், “அம்மா, எனக்கு ஞாபகம் இரிக்கு. நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தனான்” என்று. நம் வீட்டில் தண்ணீர்த் தொட்டி இருந்ததே இல்லை, மகனே. கிணறுதான் இருந்தது. என் நாலு வரியில் இருந்து நீ ஒரு தொட்டியைக் கட்டி, அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? “பழசை விடு மனே, போய்ப் படி” என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அதுதான். பாட்டு எழுதியபோது எனக்கு மூளை கலங்கியிருந்தது என்று சொல்லலாம். மீன் வெட்டியபோது கலங்கவில்லை.

இத்தனைக்கும் அதற்கு நாலைந்து வருடம் முன்னாலேயே எனக்குப் பாடம் நடந்திருந்தது. போர் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன வருடம். அப்போது உனக்குப் பத்து வயது. நல்லம்மா என்று ஒருத்தி, கூலிக்கு வயல் வெட்டிப் பிழைக்கிறவள், என்னிடம் கல்வெட்டு எழுதக் கேட்டு வந்தாள். மகன் வன்னியில் கடைசி நாட்களில் செத்துவிட்டான், உடல் இல்லை, செய்தி மட்டும் வந்தது. அவனை அவள் வீட்டு வளவுக்குள் வைத்துத்தான் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். “எல்லாத்தையும் எழுதுங்க டீச்சர். பிடிச்சதையும் எழுதுங்க, செத்ததையும் எழுதுங்க” என்றாள். எனக்குப் பயம். ‘அகால மரணம்’ என்று எழுதினேன். ‘விதியின் கொடுமையால்’ என்று பாட்டில் போட்டேன். அவளுக்கு எழுத்து வராது, நான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பி என் மேசையில் வைத்தாள். “டீச்சர், விதி எங்கட வளவுக்குள்ள வரல்ல. மனுசர்தான் வந்தவங்க. இது என்ட மகன் இல்ல” என்றாள். எழும்பிப் போய்விட்டாள். ஏறாவூரில் அச்சகம் வைத்திருந்த முஸ்லிம் நானா கூட, “எழுதித் தாங்க டீச்சர், நான் அடிச்சித் தாறன்” என்று சொன்னவர். அச்சடிக்க ஆள் இருந்தது, எழுதத்தான் ஆள் இல்லை.

முப்பத்தோராம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். புத்தகம் இல்லை. சாப்பாட்டுக்கு முதல் நல்லம்மா எழுந்து நின்று தானே சொல்லத் தொடங்கினாள். “பிடிச்சிட்டுப் போனத நான் கண்ணால கண்டன். அத நான் சொல்றன். செத்தத நான் காணல்ல. கூட இருந்த பெடியன் சொன்னவன். அவன் சொன்னத அப்படியே சொல்றன், எனக்கு வேற தெரியா” என்றாள். கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்துப் பிரித்துச் சொன்னாள். ஒரு இடத்தில்கூட அழகுபடுத்தவில்லை. வந்திருந்தவர்களில் சிலர் பயத்தில் வாசலைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. நோக்குநிலை என்றால் என்ன என்று நான் எத்தனையோ வருடம் வரைவிலக்கணம் எழுதிப் போட்டவள், மகனே. அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து, இனிமேல் கல்வெட்டு எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன். அது பெரிய வீரம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த அறையில் நீ படித்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் வந்து சொல்லவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன்? மன்னிப்புக் கேட்க இல்லை. மன்னிப்பதும் விடுவதும் உன் பாடு, நான் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. நான் அவரைக் கொன்றேன் என்று மார்பில் அடித்துக்கொள்ளவும் மாட்டேன். படம் மேசையில் கிடக்கிறது என்று ஒரு பெண் தன் புருசனிடம் சொல்வது குற்றம் இல்லை. அடுத்தவர் பொருளை எடுக்கப் போவது பைத்தியக்காரத்தனமும் இல்லை. உன் அப்பா ஒரு படத்துக்காகச் செத்தார் என்று சொல்ல எனக்கு ஒரு காலத்தில் வெட்கமாக இருந்தது. இன்றைக்கு எனக்கு அந்த வெட்கம் இல்லை. தன் பெண்சாதியின் முகம் கடைசியாக ஒரு கடதாசியில் மட்டும் இருந்த மனிதனுக்காக இறங்கிப் போனார். அந்தக் கதை எனக்குப் போதும். யாருக்காவது அது சின்னதாகத் தெரிந்தால் அவர்கள் வேறு வீட்டுக் கல்வெட்டை வாசிக்கட்டும்.

மாமி சொல்கிறா, ஊர் சிரிக்கும் என்று. சிரிக்கட்டும். வாத்தியாராகப் போன பிள்ளைக்கு மரியாதை போய்விடும் என்று சித்தப்பா சொல்கிறார். போகாது. இந்தக் கடிதத்தை நானாவின் மகனிடம் கொடுத்திருக்கிறேன். அச்சகம் இப்போது அவன் கையில். அந்தக் கல்வெட்டு எந்த அளவோ அதே அளவில் அடிக்கச் சொன்னேன். முன்பக்கத்தில் படம் போடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அடுத்த மாதம் எந்தெந்த வீட்டுக்கு அதைக் கொடுத்தேனோ அந்தந்த வீட்டுக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். உன்னை மடியில் வைத்து முத்தம் கொடுத்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டுவேன்.

உன் பாடத்தை மாற்றாதே. உதாரணத்தையும் மாற்றாதே. திங்கட்கிழமை அந்த நாலு வரியையும் வெண்பலகையில் எழுது. கதைசொல்லி யார் என்று பிள்ளைகளிடம் கேள். ‘சின்னப் பெடியன்’ என்று எல்லோரும் கத்துவார்கள். பிழை என்று சொல்லிவிட்டு என் பெயரை எழுது. முதலெழுத்தோடு முழுப் பெயரையும் எழுது. யாராவது ஒரு பிள்ளை, “ஏன் சேர் உங்கட அம்மா பொய் எழுதினவ?” என்று கேட்கும். கேட்காவிட்டால் நீ படிப்பித்தது சரியில்லை. பயத்தில் எழுதினவ என்று சொல். இப்போது பயமில்லையாம் என்றும் சொல். பிறகு யாராவது, அந்தப் பெடியன் எங்கே ஒளிந்திருந்தான் என்று கேட்டால், நின்று நிதானமாக, பின்வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற மாதிரிச் சொல்: அவன் ஒளியவில்லை, அவனை யாரும் தேடவும் இல்லை, அப்பா இறங்கிப் போன நேரம் முழுக்க அவன் தாயின் இடுப்பில்தான் இருந்தான்.

அம்மா